வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குக் கரண்ட் கொண்டுபோவது: முழுமையான வழிகாட்டி

நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் 40 மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை. அதற்குக் கரண்ட் இழுக்கும் வேலையை ஒரு முறை தப்பாகவும் ஒரு முறை ஒழுங்காகவும் செய்திருக்கிறேன். அப்புறம் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம் என்று ஐந்தாறு கொட்டகைகளில் கூடமாட நின்றாயிற்று. புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கேபிள் வாங்கி வந்த அன்றைக்கே ஒரு முனையை வீட்டு மெயின் பெட்டியில் மாட்டிவிட்டு, அங்கிருந்து கொட்டகையைப் பார்த்து வேலை செய்துகொண்டே போகிறார்கள். நடுவில் யாரோ ஸ்விட்சைப் போட்டால் கையில் இருப்பது 230 வோல்ட்.

வரிசை அதற்கு நேர் எதிர். கொட்டகையில் ஆரம்பித்து வீட்டில் முடிக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் இணைப்பு கொடுப்பது எல்லாம் முடிந்த பிறகு வரும் அரைமணி நேர வேலை.

நான் ஒயர்மேன் இல்லை. பள்ளம் வெட்டுவது, கேபிள் விரிப்பது, பைப் அடிப்பது, பெட்டி பொருத்துவது எல்லாம் நீங்களே செய்யலாம். வீட்டுப் பெட்டியில் கை வைப்பதற்கும், மெக்கர் (கேபிளின் உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) சோதனைக்கும், எர்த் அளப்பதற்கும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வேண்டும். அவரை எந்தெந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டும் என்று அங்கங்கே சொல்கிறேன்.

1. நாள் பார்ப்பதும் ஈ.பி. விஷயமும்

பொங்கல் முடிந்ததிலிருந்து சித்திரை வரை நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளம் வெட்டினால் எங்கள் பக்கம் இரண்டடியிலேயே தண்ணீர் ஊறி நிற்கும், வெட்டின கரை சரியும். கோடையில் செய்வதில் இன்னொரு லாபம் இருக்கிறது, எர்த் பகுதியில் சொல்கிறேன்.

மீட்டர் அட்டையில் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். வீட்டு லோடோடு கொட்டகை லோடும் சேர்ந்து அதைத் தாண்டினால், முதலில் லோடு கூட்டச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். கடலூர் பக்கம் ஈ.பி. ஆபீஸ், பாகூர், வில்லியனூர் என்றால் புதுச்சேரி மின்துறை. கொட்டகையில் கடை வைக்கப் போகிறீர்கள், பட்டறை போடப் போகிறீர்கள் என்றால் வீட்டு இணைப்பில் ஓட்டலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், கட்டண வகை மாறும்.

பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்திலிருந்து கொட்டகைக்கு ஒரு ஒயர் இழுத்துக்கொள்கிற பழக்கம் ஊரில் உண்டு. பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அபராதக் கணக்குப் போடுவார்கள். வேண்டாம்.

2. கொட்டகையில் என்னென்ன ஓடும் என்று எழுதுங்கள்

மனக்கணக்கு வேண்டாம், ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் கொட்டகையில் 20 வாட் எல்.இ.டி. ட்யூப் இரண்டு, 75 வாட் ஃபேன் ஒன்று, 1 எச்.பி. தீவனம் வெட்டும் மெஷின், கழுவிவிட அரை எச்.பி. மோட்டார். விளக்கும் ஃபேனும் கணக்கிலேயே வராது, எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர்தான் இழுக்கும். 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் அதுபோல் நாலைந்து மடங்கு இழுக்கும்.

கேபிள் சைஸைத் தீர்மானிப்பது அந்தக் கிளம்பும் நேரம்தான். அதை விட்டுவிட்டு, 'மொத்தம் ஆயிரத்தைந்நூறு வாட்தானே' என்று மெல்லிய ஒயர் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

நாளைக்குப் பால் கறக்கும் மெஷின் வாங்குவதாக இருந்தால் அதையும் இன்றே எழுதுங்கள். பள்ளத்தை இரண்டாவது முறை வெட்டுவது கொடுமை. நான் 16 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

3. மேலே கட்டுவதா, மண்ணில் புதைப்பதா

தப்பாகச் செய்தேன் என்று சொன்னது மேலே கட்டினதைத்தான். வீட்டுச் சுவரிலிருந்து நடுவில் இருந்த தென்னை மரத்துக்கு ஒரு கட்டு, அங்கிருந்து கொட்டகைக்கு. சாதாரண முறுக்கு ஒயர். இரண்டு வருடத்தில் வெயில் பட்டு மேலுறை வெடித்தது, மட்டை விழுந்து ஒரு முறை அறுந்தது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரை கடந்தபோது மரத்தோடு சேர்ந்து எல்லாமே தரையில் கிடந்தது. தெருவில் கரண்ட் இல்லாத நேரம் என்பதால் மாடு பிழைத்தது.

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் இருக்கிற நமக்கு மேலே கட்டுவதை நான் சொல்லமாட்டேன். கட்டியே ஆக வேண்டும் என்றால் மரத்தில் கட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஊன்றின போஸ்ட், நடுவில் தாங்கு கம்பி, அதில் கேபிளை மாட்டும் வளையங்கள், டிராக்டரில் வைக்கோல் ஏற்றி வந்தாலும் இடிக்காத உயரம் என்று எல்லாம் வேண்டும். இவ்வளவு செலவுக்குப் புதைத்துவிடலாம்.

சரி, புதைக்கும் வழி. வீட்டையும் கொட்டகையையும் இணைக்கும் நேர்கோடு பெரும்பாலும் சரியான வழியாக இருக்காது. செப்டிக் டேங்க், போர்வெல் குழாய், எருக்குழி, தென்னை மரத்தடி எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கிப் போங்கள். சுண்ணாம்பால் கோடு போட்டு ஒரு வாரம் அப்படியே விட்டுப் பாருங்கள். வண்டி எங்கே ஏறுகிறது, மாட்டுக்கு முளைக்குச்சி எங்கே அடிக்கிறார்கள், அம்மா கீரைக்கு எங்கே கொத்துகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கடப்பாரை இறங்கும் இடத்தில் கேபிள் இருக்கக் கூடாது.

4. கேபிள் சைஸ்: இங்கே மட்டும் கொஞ்சம் நிதானமாக

வீட்டுக்குள் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 16 ஆம்பியர் ப்ளக் ஓடுகிறதே, கொட்டகைக்கும் அதுவே போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒயர் சூடாகாது, அதில் பிரச்சினை இல்லை. தூரத்தில்தான் வோல்டேஜ் இறங்குகிறது.

காப்பர் கேபிளில் ஒரு மீட்டருக்கான மின்தடை, மில்லிஓம் கணக்கில், 1.5 ஸ்கொயர் என்றால் 12.1, 2.5 என்றால் 7.4, 4 என்றால் 4.6, 6 என்றால் 3.1. கரண்ட் போயும் வர வேண்டும், ஆகவே 40 மீட்டர் தூரத்துக்கு 80 மீட்டர் என்று கணக்கு. 16 ஆம்பியர் ஓடினால் 1.5 ஸ்கொயரில் பதினைந்தரை வோல்ட் காணாமல் போகும், 2.5இல் ஒன்பதரை, 4இல் ஆறு. கேபிள் சூடாக ஆக இது இன்னும் கொஞ்சம் ஏறும். 230இல் 3 சதவீதத்துக்குள், அதாவது 7 வோல்ட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் எனக்கு 4 ஸ்கொயர்.

இப்போது மோட்டார் கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். 35 ஆம்பியர் இழுத்தால் 1.5 ஸ்கொயரில் 34 வோல்ட் இறங்கும். எங்கள் ஊரில் சாயங்காலம் மீட்டரிலேயே 200 வோல்ட்தான் வரும். கொட்டகையில் 166. மெஷின் ம்ம்ம் என்று முனகிக்கொண்டு நிற்கும், கிளம்பாது. அப்படியே விட்டால் காயில் கருகும். எங்கள் சித்தப்பா இரண்டு மோட்டார் காயில் கட்டின பிறகுதான் ஒயரைச் சந்தேகப்பட்டார்.

உங்கள் தூரம் வேறாக இருந்தால் இதே கணக்குதான். தூரத்தை இரண்டால் பெருக்கி, மீட்டருக்கான மில்லிஓமால் பெருக்கி, ஆம்பியரால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் எத்தனை வோல்ட் இறங்கும் என்று வந்துவிடும்.

அலுமினியம் மலிவுதான். 6 ஸ்கொயர் அலுமினியமும் 4 ஸ்கொயர் காப்பரும் மின்தடையில் ஏறக்குறைய ஒன்று. ஆனால் உப்புக் காற்றில் அலுமினிய முனை சீக்கிரம் பூத்துவிடும், பூத்த முனை சூடாகும். கடலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் காப்பரே வாங்குங்கள் என்பது என் கட்சி.

5. வாங்க வேண்டியவை

3 கோர் (உள்ளே உறை போட்ட மூன்று தனிக் கம்பி) 4 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்டு கேபிள். ஐ.எஸ். 1554 அல்லது ஐ.எஸ். 7098 என்று (இந்தியத் தர எண்) மேலுறையில் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஆர்மர் என்பது உள்ளே சுற்றியிருக்கும் இரும்புக் கம்பி. பெருச்சாளிக்கு அதுதான் பதில். வெறும் பி.வி.சி. பைப்பில் சாதாரண ஒயரை விட்டுப் புதைத்தால் பைப்பையும் கடிக்கும், ஒயரையும் கடிக்கும்.

கேபிளை அளந்த நீளத்துக்கு மேல் 8 மீட்டர் கூட்டி வாங்குங்கள். இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் சுற்றிப் புதைக்க வேண்டும், சுவரேற, பெட்டிக்குள் போக என்று மீதி சரியாகிவிடும். நீளம் பற்றவில்லை என்று மண்ணுக்குள் ஜாயின்ட் போடுவது இந்த வேலையிலேயே மோசமான தப்பு. முதல் மழைக்குப் பிடிக்காவிட்டால் மூன்றாவது மழைக்குத் தண்ணீர் உள்ளே போகும்.

பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் பித்தளை கிளாண்ட் இரண்டு, ஒயர் முனையில் மாட்டும் லக், அதை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் கருவி (ஒயர்மேனிடம் இருக்கும்), பிளாஸ்டிக் வெதர்ப்ரூஃப் பெட்டி ஒன்று. தகரப் பெட்டி வாங்காதீர்கள், மாட்டு மூத்திர ஆவியும் உப்புக் காற்றும் சேர்ந்து சீக்கிரமே ஓட்டையாக்கிவிடும். வீட்டுப் பக்கத்துக்கு 16 ஆம்பியர் டபுள் போல் (கரண்ட் வரும் ஃபேஸ், திரும்பும் நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்.சி.பி. ஒன்று, சி வகை. எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக ஆஃப் ஆகும் ஸ்விட்ச். பி வகை வாங்கினால் மோட்டார் கிளம்பும்போதே விழக்கூடும், அதாவது தானாக ஆஃப் ஆகிவிடக்கூடும். 25 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று. கொட்டகைப் பக்கத்துக்கு டபுள் போல் ஐசொலேட்டர் (கையால் போட்டு அணைக்கும் மெயின் ஸ்விட்ச்) ஒன்று, விளக்குக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி., மோட்டாருக்கு 16. அப்புறம் மண்ணில் இறக்கும் எர்த் ராடு, எச்சரிக்கை டேப், செங்கல்.

6. பள்ளம்

ஆழம் 75 சென்டிமீட்டர், இரண்டரை அடி. ஐ.எஸ். 1255 சொல்வதும் இதுதான். ஓரடி போதும் என்று வேலைக்கு வந்தவர் சொல்வார், மண்வெட்டி ஓரடி இறங்கும் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். அகலம் ஒரு மண்வெட்டி அகலம் போதும்.

மண் இடத்துக்கு இடம் மாறும். தேவனாம்பட்டினம் பக்கம் மணல், வெட்ட வெட்டச் சரியும், ஒரே நாளில் வெட்டி மூடிவிட வேண்டும். கேப்பர் மலைப் பக்கம் செம்மண்ணில் சரளை, முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றி வைத்தால்தான் கடப்பாரை இறங்கும். கெடிலம், பெண்ணையாற்று வண்டலில் வேலை சுகம்.

வண்டி ஏறும் இடத்தில் மட்டும் கனமான பைப்பைக் குறுக்கே போட்டு அதற்குள் கேபிள். தண்ணீர்க் குழாயைக் கடக்க வேண்டியிருந்தால் ஓரடி இடைவெளி விடுங்கள். நாளைக்குக் குழாய் உடைந்து யாராவது தோண்டும்போது கேபிளில் வெட்டு விழக் கூடாது.

7. கேபிள் விரிப்பது, மூடுவதற்கு முன் சோதிப்பது

அடியில் 8 சென்டிமீட்டர் மணல் அல்லது சலித்த மண். கல்முனை மேலுறையைக் குத்தாமல் இருக்கத்தான் இது. ஒரு விஷயத்தில் கவனம்: கடற்கரை மணல் கிட்டத்தில் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். அதில் உப்பு இருக்கிறது, மேலுறையில் எங்காவது கீறல் இருந்தால் ஆர்மர் கம்பி துருப்பிடித்துவிடும். எம்-சாண்ட் போதும்.

கேபிள் சுருளைத் தரையில் படுக்கவைத்து இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். சுருளை நிமிர்த்தி உருட்டிக்கொண்டே விரியுங்கள். திருப்பங்களில் நறுக்கென்று மடிக்கக் கூடாது. கேபிளின் விட்டத்தைப்போல் 12 மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும். விரித்து முடிக்கும்வரை இரண்டு முனையும் டேப் சுற்றி அடைத்தே இருக்கட்டும். திறந்த முனை வழியாக ஈரம் கோருக்குள் ஊர்ந்துபோகும்.

இப்போது ஒயர்மேனை முதல் முறை கூப்பிடுங்கள். பள்ளம் திறந்திருக்கும்போதே 500 வோல்ட் மெக்கர் வைத்து ஒவ்வொரு கோருக்கும் நடுவிலும், கோருக்கும் ஆர்மருக்கும் நடுவிலும் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே போகவே கூடாது. புதுக் கேபிள் என்றால் நூற்றுக்கணக்கில் காட்டும். குறைவாகக் காட்டினால் இப்போதே கடைக்காரரிடம் போகலாம். மூடின பிறகு தெரிந்தால் 40 மீட்டரையும் மறுபடி தோண்ட வேண்டும். மல்ட்டிமீட்டரில் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு: அதன் பேட்டரி 9 வோல்ட், 230 வோல்ட்டில் கசியும் கீறல் 9 வோல்ட்டில் தெரியாது.

சரியாக இருந்தால் படம் எடுங்கள். வீட்டு மூலையிலிருந்து, கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று டேப் பிடித்தபடி படம். அப்புறம் கேபிள்மேல் இன்னொரு 8 சென்டிமீட்டர் மணல், குறுக்கே செங்கல் வரிசை, பாதி மண், எச்சரிக்கை டேப், மீதி மண். மூடின பிறகு மெக்கர் இன்னொரு முறை. ஐந்து நிமிடம்தான்.

8. எர்த்: ஆளைக் கொல்வதும் காப்பாற்றுவதும் இதுதான்

ஒரு பெரியவர், முப்பது வருடம் ஒயரிங் செய்தவர், என்னிடம் சொன்னார்: "தம்பி, ரெண்டு ஒயர் எதுக்கு? ஃபேஸ் மட்டும் கொண்டுபோ, அங்க ஒரு கம்பிய அடிச்சு அதையே நியூட்ரலா வெச்சுக்க, லைட் எரியும்." எரியும், உண்மைதான். ஆனால் அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள மண் முழுக்க வோல்டேஜ் ஏறி நிற்கும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் ஐந்தடி. நமக்குச் செருப்பு உண்டு, அதற்கு ஈரத் தரையில் வெறும் குளம்பு. நமக்கு உறைக்காத சில வோல்ட்டே மாட்டுக்கு உறைக்கும். தொட்டியில் தண்ணீர் குடிக்க மறுக்கிறது, கறக்க நின்றால் உதைக்கிறது என்றால் சில வீடுகளில் காரணம் இதுதான்.

ஆகவே மூன்று கோர்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். ஆர்மரையே எர்த்தாக வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். துருப்பிடிக்கும் ஒரு பொருளை நம்பி உயிரை வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. எர்த்துக்குத் தனி கோர், அதோடு ஆர்மரையும் கிளாண்ட் வழியாக எர்த்தில் சேர்த்துவிட வேண்டும்.

முதலில் வீட்டு எர்த் உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் எர்த் ஒயரை ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அப்புறம் குழாயை பி.வி.சி.யாக மாற்றியிருப்பார்கள். மாற்றின அன்றைக்கே எர்த் போயிற்று, யாருக்கும் தெரியாது.

கொட்டகைப் பக்கத்திலும் ஒரு ராடு இறக்குங்கள். ஜி.ஐ. பைப் என்றால் குறைந்தது 38 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மீட்டர் நீளம். உப்பும் கரியும் போட்டு நிரப்பும் பழைய முறை வேலை செய்யும், ஆனால் அந்த உப்பு பைப்பையே தின்னும். காப்பர் பூசின ராடு, சுற்றிலும் பென்டோனைட் (ஈரம் பிடித்துவைக்கும் களிமண்) கலவை என்று போட்டால் கரையோரத்தில் கூடுதல் நாள் வரும். இந்த ராடும், கேபிளின் எர்த் கோரும், கொட்டகையின் இரும்புத் தூண், தகரக் கூரை, தீவனத் தொட்டியின் இரும்புச் சட்டம் எல்லாமும் ஒரே எர்த் பட்டையில் வந்து சேர வேண்டும். தகரக் கொட்டகையில் ஒரு ஒயர் உரசினால் கொட்டகையே ஃபேஸாகிவிடும். எர்த்தில் கட்டியிருந்தால் அந்த நொடியே ஆர்.சி.சி.பி. விழும்.

எர்த்தை எப்படிச் சோதிப்பது? ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்த்து, பிரகாசமாக எரிகிறது, பிரமாதமான எர்த் என்பார்கள். அந்த பல்பு எடுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. 50 ஓம் உள்ள மட்டமான எர்த்திலும் அது நன்றாகத்தான் எரியும். அதே 50 ஓமில் மோட்டார் பாடியில் ஃபேஸ் பட்டால் ஓடுவது நாலரை ஆம்பியர், 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது, பாடி உயிரோடே நிற்கும். ஒயர்மேன் எர்த் டெஸ்டர் கொண்டுவந்து அளக்கட்டும். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது, மணல் பூமியில் வராவிட்டால் இன்னொரு ராடைத் தள்ளி அடித்து இணைக்கலாம். கோடையில் செய்வதன் லாபம் இதுதான்: கார்த்திகை ஈரத்தில் எந்த ராடும் பாஸ் ஆகும், சித்திரையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

9. கொட்டகைக்குள்

பெட்டியை ஐந்தடி உயரத்தில், மாடு கட்டும் பக்கத்துக்கு எதிர்ச் சுவரில் வையுங்கள். 2015 வெள்ளத்தில் உங்கள் கொட்டகையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று வீட்டில் கேளுங்கள், அதற்கு மேலே இருக்க வேண்டும். கேபிள் பெட்டிக்குள் அடிப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைத்தால் கேபிள்மேல் வழியும் மழைத்தண்ணீர் நேரே எம்.சி.பி.மேல் இறங்கும்.

உள்ளே வந்த ஃபேஸும் நியூட்ரலும் ஐசொலேட்டருக்கு, அங்கிருந்து இரண்டு எம்.சி.பி.க்கு. எர்த் தனிப் பட்டைக்கு. நியூட்ரலையும் எர்த்தையும் கொட்டகைப் பெட்டியில் சேர்த்து முறுக்கிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். சேர்க்கவே கூடாது. சேர்த்தால் நியூட்ரலில் போக வேண்டிய கரண்டில் ஒரு பகுதி எர்த் வழியாகப் போகும், ஆர்.சி.சி.பி. ஆனில் நிற்கவே நிற்காது. அப்புறம் "இந்த மெஷின் சரியில்லை" என்று அதைக் கழற்றி எறிவார்கள், அங்கேதான் விபரீதம்.

ட்யூபும் ஃபேனும் மாடு தலையைத் தூக்கினால் எட்டாத உயரத்தில், எட்டடி. ஒயர்கள் கனமான பி.வி.சி. பைப்புக்குள். தகரத்தில் ஓட்டை போட்டு ஒயர் நுழைக்கிற இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம். காற்றில் தகரம் அதிர அதிர, அந்த ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும்.

10. வீட்டுப் பக்கம்: கடைசி இணைப்பு

ஒயர்மேன் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்தாயிற்று என்று நம்பிப் பெட்டியைத் திறந்து அடிவாங்கினவர்கள் உண்டு. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் ஆஃப் செய்து, ப்ளக்கையும் பிடுங்கி, டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து அது எரிகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். மெயினை ஆஃப் செய்த இடத்தில் ஒருவரை நிற்க வையுங்கள், இல்லாவிட்டால் பூட்டுப் போடுங்கள்.

கொட்டகை லைனை வீட்டின் பொதுவான ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்தே பிரித்து, தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி. கொடுங்கள். பொதுவானதிலிருந்து எடுத்தால், கொட்டகையில் ஒரு பல்லி ஹோல்டரில் மாட்டிக்கொண்ட ராத்திரி வீடு முழுக்க இருட்டு.

ஆர்.சி.சி.பி.யைக் கொட்டகையில் வைத்தால் என்ன, மழையில் வீட்டுக்கு ஓட வேண்டாமே என்று கேட்பார்கள். கேபிளில் மண்வெட்டி பட்டால் பார்த்துக்கொள்ள ஆர்.சி.சி.பி. வீட்டு முனையில் இருந்தால்தான் முடியும். இரண்டு பக்கமும் 30 மில்லிஆம்பியர் வைத்தால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தும் விழும். வீட்டில் ஒன்று போதும்.

கொட்டகை நியூட்ரல் இந்த ஆர்.சி.சி.பி. வழியாக மட்டுமே போக வேண்டும். இன்வெர்ட்டர் லைனிலிருந்து கொட்டகைக்கு ஒரு விளக்கு கொடுக்கலாமே என்று நியூட்ரலைக் கலந்தால் மறுபடியும் ட்ரிப்தான். பவர்கட்டுக்குச் சார்ஜ் விளக்கு ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள்.

11. கரண்ட் கொடுக்கும் வரிசை

கொட்டகையில் எல்லா எம்.சி.பி.யும் ஐசொலேட்டரும் ஆஃப். வீட்டில் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆன். விழாமல் நிற்கிறதா? அப்படியானால் கேபிள் சரி. கொட்டகைப் பெட்டியில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதேதான் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரண்டு வோல்ட் வரலாம். 230 வந்தால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன, நிறுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் ஐசொலேட்டர், விளக்கு எம்.சி.பி., கடைசியில் மோட்டார். ஒவ்வொன்றாகப் போடுவதற்குக் காரணம், விழுந்தால் எது விழ வைத்தது என்று தெரிய வேண்டும். மோட்டார் ஓடும்போது கொட்டகையில் வோல்டேஜ் எத்தனை என்று எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதே நேரத்தில் பார்த்துக் குறைந்திருந்தால் எங்கோ லக் தளர்ந்திருக்கிறது.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுகிறதா என்று அன்றைக்கே பாருங்கள், பிறகு மாதம் ஒரு முறை. எங்கள் வீட்டில் அமாவாசை அன்றைக்கு அமுக்குவது வழக்கம், மறக்காது.

12. ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தால்

கொட்டகை ஐசொலேட்டரை ஆஃப் செய்தும் விழுந்தால் குற்றம் கேபிளில், அல்லது வீட்டுப் பெட்டியில். ஆஃப் செய்தால் நிற்கிறது, ஆன் செய்து எல்லா எம்.சி.பி.யும் ஆஃபாக இருக்கும்போதே விழுகிறது என்றால் பெரும்பாலும் கொட்டகையில் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொடுகின்றன. மோட்டார் போட்டால் மட்டும் விழுந்தால் மோட்டார் காயிலில் ஈரம். எங்களுக்கு ஐப்பசியில் வருடா வருடம் வருவது இந்த மூன்றாவதுதான். கழற்றி இரண்டு நாள் வெயிலில் வைத்தால் சரியாகிவிடும்.

வெள்ளம் ஏறி இறங்கினால், பெட்டி நனையவில்லை என்றாலும் மெக்கர் பார்க்காமல் போடாதீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது முதல் நாளே வீட்டில் கொட்டகை எம்.சி.பி.யை இறக்கிவிட்டோம். தண்ணீர் வடிந்து, சாக்கெட்டுகளைத் திறந்து காயவைத்து, ஒயர்மேன் வந்து மெக்கர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஏற்றினோம். அதுவரை கறவைக்கு டார்ச் லைட்.

பள்ளம் போன வழியின் வரைபடத்தைக் கொட்டகைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள், வீட்டுப் பெட்டியிலும் ஒரு பிரதி.